புதுக் கேபினட்டில் மதர்போர்டை இறக்கும் முன்

என்னிடம் கம்ப்யூட்டர் அசெம்பிளி பழக வரும் பையன்களுக்கு முதலில் ஒரு பெரிய தாளும் பென்சிலும்தான் கொடுப்பேன். தாள்மேல் போர்டை வைத்து, திருகு ஓட்டைகள் வழியாகப் புள்ளி வைக்கச் சொல்வேன். அதே தாளை அதே திசையில் கேபினட் தகட்டின்மேல் விரித்து விரலால் தடவினால், எந்தப் பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்) வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்த வேலையில் அவசரமே கூடாது. போர்டின் அடிப்பக்கம் முழுக்க சால்டர் முனைகள். ஓட்டைக்கு நேராக இல்லாத ஸ்டாண்டாஃப் ஒன்று அடியில் நின்றாலும் அந்த முனைகளில் முட்டி ஷார்ட் ஆகும், போர்டே போய்விடலாம். போர்டுகளில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு 244-க்கு 244 மி.மீ., முழு ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவு 305-க்கு 244. மைக்ரோவின் கீழ் வரிசைக்கென்று போட்ட ஸ்டாண்டாஃப்கள், பெரிய போர்டுக்கு அடியில் ஓட்டை இல்லாத இடத்தில் வந்து நிற்கும். அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும்.

பிராசஸர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே சொருகும் பட்டை வடிவ ஸ்டோரேஜ்) மூன்றையும் வெளியிலேயே, போர்டு வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்துப் பொருத்திவிடுங்கள். விலை குறைந்த சில போர்டுகளில் அகலம் குறைவு. ரேம் பக்க ஓரத்துக்குக் கீழே தாங்கலே இருக்காது. கேபினட்டுக்குள் போனபின் அங்கே ரேமை அழுத்தினால் போர்டு வளையும். 24 பின் பவர் கேபிளைச் சொருகும்போதும் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும். ஐ/ஓ தகடு (பின்பக்க யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளுக்குத் துளை போட்ட தகடு) தனியாக வந்திருந்தால் கேபினட்டின் உள்ளிருந்து நான்கு மூலையிலும் அழுத்துங்கள். பிராசஸருக்கான 8 பின் பவர் கேபிளையும் இப்போதே மேல் மூலைக்கு இழுத்து வைத்துவிடுங்கள். பிராசஸர் மேல் கூலர் ஏறியபின் அங்கே கை நுழையாது.

போர்டைச் சாய்த்துப் பிடித்து, போர்ட்டுகளை முதலில் தகட்டுக்குள் நுழைத்து, பிறகு மெல்லக் கீழே இறக்குங்கள். தகட்டின் சின்ன நாக்குகள் யுஎஸ்பி, லேன் துளைகளுக்குள் மடங்கவில்லையே என்று பின்னாலிருந்து பாருங்கள். அந்த நாக்குகள் போர்டை எதிர்ப்பக்கம் தள்ளும். ஓட்டை சற்று விலகித் தெரிந்தால் ஸ்க்ரூவால் நெம்பாதீர்கள். இடது கையால் போர்டைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்து, நடு ஸ்க்ரூவை முதலில் போடுங்கள். பெட்டியில் இரண்டு வகை ஸ்க்ரூ இருக்கும்: பெருமரை ஒன்று, நுண்மரை எம்3 ஒன்று. ஸ்டாண்டாஃபில் விரலாலேயே நாலு சுற்று போவதுதான் சரியானது. எல்லாவற்றையும் பாதி திருகி நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கை ஸ்க்ரூடிரைவர் மட்டும். ஸ்க்ரூ நின்றதும் கையும் நிற்க வேண்டும்.

முன்பக்கப் பவர் சுவிட்ச் ஒயரை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடிக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பாருங்கள்.

பவர் கொடுக்கும் முன் கேபினட்டை இரு கையாலும் தூக்கி லேசாகச் சாயுங்கள். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால், அந்த ஸ்க்ரூவைத் தேடி எடுக்கும்வரை பிளக்கைத் தொடாதீர்கள்.