மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ட்ரிப் ஏற்பாடு செய்யும் வேலை வருசா வருசம் என் தலையில்தான் விழும். இப்போது பழைய மாணவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், போன் போட்டுக் கேட்கிறார்கள்: "டீச்சர், கொழும்புப் பக்கம் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகணும், உள்ளே போக எவ்வளவு?" கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சி மகளும் கேட்கிறாள். அவள் கேள்வி வேறு: "பெரியம்மா, இங்கே டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகுது. ஒரு தடவை காசு கட்டி வருசம் முழுக்கப் போகும் மெம்பர்ஷிப் எடுக்கவா, போகிற நேரம் டிக்கெட் எடுக்கவா?"

இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான். விடை மட்டும் வேறு.

கொப்பியில் ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதுங்கள். போக வரச் செலவு. சாப்பாடு, தண்ணீர், வழியில் பிள்ளைகள் கேட்கும் சில்லறைச் சாமான். நுழைவுக் கட்டணம். கடைசி வரி, அன்றைக்குப் போகும் சம்பளம். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. தோட்டத்தில் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350. அம்மா அப்பா இரண்டு பேரும் வேலை நாளில் கிளம்பினால் இரண்டு பேர் சம்பளமும் போய்விடும். இப்போது கூட்டிப் பாருங்கள். கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவ என்று எங்கிருந்து புறப்பட்டாலும் நுழைவு டிக்கெட் அந்தத் தாளில் சின்ன வரியாகத்தான் இருக்கும். பெரிய வரி பஸ். அதனால் மிச்சம் பிடிக்கும் வேலையை பஸ்ஸில் தொடங்குங்கள்.

ஒரு குடும்பம் தனியாக வேன் பிடிப்பது காசைக் கொட்டுவதுதான். இரண்டு மூன்று லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸை முழுதாக நிரப்புங்கள். காலியாக ஓடும் ஒவ்வொரு சீட்டின் காசும் மற்றவர் தலையில்தான் விழும். பேர் கொடுத்தவர்கள் கடைசி நாளில் வரவில்லை என்பார்கள், அதனால் முற்பணம் வாங்காமல் யார் பேரையும் எழுதாதீர்கள். வசூலைச் சம்பளம் கிடைத்த கையோடு, பத்தாம் தேதியை ஒட்டி வையுங்கள். இருபதாம் தேதி போய்க் கேட்டால் யாரிடமும் இருக்காது, கேட்டவருக்கும் கொடுக்க முடியாதவருக்கும் மனக்கசப்புதான் மிச்சம். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி மூன்று தவணையாக வாங்கினால் யாருக்கும் பாரமாகத் தெரியாது.

பாடசாலை ட்ரிப் என்றால் அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி முதலில் வேண்டும். மிருகக்காட்சிசாலைக்கும் பாடசாலைக் கடிதத்தாளில் முன்கூட்டியே எழுதி, மாணவர் குழுவுக்கு என்ன விலை, கூட வரும் ஆசிரியர்களுக்கு என்ன விலை என்று கேளுங்கள். அதிபரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள பெயர்ப் பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பெரியவர்கள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. தனியார் பஸ் என்றால் அந்தப் பயணத்துக்கான அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று சாரதியிடம் முதல் நாளே பார்த்துவிடுங்கள். பொலிஸ் நிறுத்திய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கும்போது வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். விடியற்காலையில் பால் தேத்தண்ணி கொடுத்து ஏற்றாதீர்கள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் அவிசாவளைக்குப் பிறகு, பாதை நேரான இடத்தில் கொடுங்கள். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சலையும் வீட்டிலிருந்தே கொண்டு போனால், வழியில் கடைக்குக் கொடுக்கும் காசு அப்படியே மிஞ்சும். புளிச்சோறு என்றால் வெயிலுக்கும் தாங்கும். ஸ்வெட்டரோடு ஏறும் பிள்ளை தெகிவளையில் இறங்கும்போது வேர்த்துக் கொட்டும், ஆகவே உள்ளே மெல்லிய சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீரைப் போத்தல் போத்தலாக வாங்கப் போனால் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். இரண்டு பெரிய கேனில் கொதித்தாறிய தண்ணீரை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், பிள்ளைகள் அவரவர் போத்தலில் ஊற்றிக்கொள்வார்கள்.

ரயிலை நம்புகிறவர்கள், மலைநாட்டுப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். மழைக் காலத்தில் மண் சரிந்தால் ஓடாது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாறினால் தெகிவளை ஸ்டேஷன் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து மிருகக்காட்சிசாலைக்கு ஓட்டோ. கடலைப் பார்க்காத பிள்ளைக்கு யானை, சிங்கத்தை விட அந்த ரயில் ஜன்னல்தான் பெரிதாகத் தெரியும். அதற்குத் தனியாக டிக்கெட்டும் கிடையாது.

டிக்கெட் ஏன் ஏறுகிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு 150 கிலோ அளவில் தின்னும். 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது நம் வீட்டு மா, பருப்பு, சீனி விலை எப்படிப் போனதோ, கூண்டுக்குள் இருப்பதற்கு வாங்கும் இறைச்சியும் மருந்தும் அப்படித்தான். தெகிவளையை 1936இல் அரசாங்கம் ஏற்றது, அன்றிலிருந்து பொதுமக்கள் காசிலும் டிக்கெட்டிலும்தான் ஓடுகிறது. கோபப்படலாம், ஆனால் கேட்டில் நிற்கும் டிக்கெட்காரரிடம் காட்டாதீர்கள்.

சரி, தெகிவளைதான் போக வேண்டுமா? யானை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பின்னவல பக்கம். ரம்புக்கனையில் நிற்கும் ரயிலா என்று கேட்டு ஏறுங்கள், அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். 1975இல் தாயில்லாக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. 2021 ஆகஸ்டில் சுரங்கி என்ற யானை அங்கே இரட்டைக் குட்டி போட்டது நினைவிருக்கும். யானைகள் மா ஓயா ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பப் போய்ச் சேருங்கள், நேரம் தவறினால் பாதி ட்ரிப் வீண். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு உடவளவையில் 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையம் இன்னும் வசதி. பால் கொடுக்கும் நேரத்தில் மேடையில் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்கலாம், தொட முடியாது. அந்தக் குட்டிகள் காட்டுக்கே திரும்பப் போகிறவை என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அவ்வளவு தூரம் போக பஸ்ஸுக்கே காசில்லாத வருசமும் வரும். அப்போது நுவரெலியாப் பக்கம் ஹக்கல பூங்காவுக்குக் குறைந்த கைச்செலவில் போய் வாருங்கள், மலையில் மட்டும் வாழும் கரடிக் குரங்கு அங்கே உண்டு. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் பறவைகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் பைனாகுலரோடு நிற்பார்கள். நம் பிள்ளைகள் அதே மரத்தடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடுவார்கள். சிறுத்தையைப் பார்க்கக் காசு கட்டுவதும் எனக்கு வேடிக்கைதான். கொழுந்து பறிக்கும் மலையில் அதன் கால்தடத்தைத் தாண்டிப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிப் பொறியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குத்தான் கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இனி தங்கச்சி மகளின் கேள்வி. வருசத்துக்கு ஒரு தடவை போவதே பெரிய விசயமான நமக்கு வருசக் கார்டு எங்கே கிடைத்தாலும் பிரயோசனமில்லை. அவளுக்கு அப்படியில்லை. டொரண்டோ மிருகக்காட்சிசாலை ஸ்காபரோவிலேயே இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போகலாம். மெம்பர்ஷிப் அப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியவர்கள் முதல் மாத உற்சாகத்தில் எடுத்துவிட்டு அப்புறம் மறந்துவிடுவார்கள்.

கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு, ஒரு நாள் குடும்பமாகப் போக 110 டாலர், வருச மெம்பர்ஷிப் 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். 240ஐ 110ஆல் வகுத்தால் இரண்டும் சொச்சமும். அதாவது மூன்றாவது தடவை போகும்போதுதான் லாபம் தொடங்குகிறது. இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கைக்குழந்தைகளுக்குப் பல இடங்களில் டிக்கெட்டே இல்லை, அவர்களையும் சேர்த்து 110ஐப் பெரிதாக்கிக் காட்டக்கூடாது. அடுத்தது, "எத்தனை தடவை போவேன்" என்று ஆசையைக் கேட்காமல் போன வருசம் எத்தனை தடவை போனீர்கள் என்று போன் படங்களைப் பார்த்து எண்ணுங்கள். பனிக்காலத்தில் போவீர்களா என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

டிக்கெட்டுக்கு மேலே கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது வாகன நிறுத்தம். ஊருக்கு வெளியே உள்ள இடங்களில் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தனிக் காசு, மெம்பர்ஷிப்பில் அது அடங்கினால் கணக்கே மாறிவிடும். அடுத்து விருந்தாளி டிக்கெட். கார்டில் பெயர் உள்ளவர்தான் உள்ளே போகலாம், ஊரிலிருந்து வரும் அம்மம்மா அதில் அடங்கமாட்டார். கூட ஒரு விருந்தினரை அனுமதிக்கும் வகை கொஞ்சம் விலை கூடினாலும் நம் ஆட்களுக்கு அதுதான் பொருந்தும். வட அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று சலுகை கொடுக்கும் ஏற்பாட்டில் சேர்ந்த ஒரு மிருகக்காட்சிசாலையின் கார்டைக் காட்டினால் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு இடங்களில் பாதி விலைக்கோ இலவசமாகவோ விடுவார்கள். லீவுக்கு வேறு ஊர் போகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பக்கத்து ஊர் இடங்களுக்கு அந்தச் சலுகை இல்லாமல் இருக்கலாம். கடையிலும் சாப்பாட்டிலும் கிடைக்கும் பத்து வீதக் கழிவை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது செலவழிக்கத் தூண்டும் கழிவு.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய மிருகக்காட்சிசாலைக்கும் சென் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கும் நுழைவு இலவசம். அங்கே மெம்பர்ஷிப் எடுப்பது வாகன நிறுத்தத்துக்காகவும் இடத்துக்கு உதவுவதற்காகவும்தான், டிக்கெட் மிச்சம் என்று நினைத்து எடுக்க வேண்டாம். லண்டனில் கதை தலைகீழ். 1828இல் அந்த மிருகக்காட்சிசாலை தொடங்கியபோது அதை நடத்திய விலங்கியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்குத்தான் வாசல் திறந்திருந்தது. காசு போதாமல் 1847இல்தான் பொதுமக்களுக்கு டிக்கெட் விற்றார்கள்.

எடுப்பதென்று முடிவானால் முதல் தடவை டிக்கெட்டோடு போங்கள். பல இடங்களில் அன்றைக்கே மெம்பரானால் டிக்கெட் காசைக் கழித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்ததா, காலுக்கு எட்டும் தூரமா என்பதும் அன்று தெரிந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகப் போனில் அலாரம் வையுங்கள். நூலகத்தில் மிருகக்காட்சிசாலை பாஸ் இரவல் கொடுக்கும் நகரங்களும் உண்டு, காசு கட்டும் முன் அங்கே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவுக்கு இங்கே வரும்போது கவனம் வேண்டும். தெகிவளை, பின்னவல, ஹோர்ட்டன் சமவெளி, பேராதனைப் பூங்கா எங்கும் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு. தமிழ் பேசினாலும் கையில் இருப்பது கனடா பாஸ்போர்ட் என்றால் அந்த விலைதான். மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று கலந்து போகும்போது யாருக்கு எந்த விலை என்று தனித்தனியாக எழுதி, யார் கட்டுவது என்பதை வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள்.