டிப்பெகனூ சண்டை: போர்வீரர்கள் எழுதியதைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1811 நவம்பர் 7. இன்றைய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வாபாஷ் ஆறும் டிப்பெகனூ ஆறும் கூடும் இடத்துக்குப் பக்கத்தில், விடிவதற்கு முன்பே தொடங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோன சண்டை இது. ஒரு பக்கம், இந்தியானா பிரதேச ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் கூட்டி வந்த சுமார் ஆயிரம் பேர். மறுபக்கம், ஷானி என்ற பூர்வகுடி இனத்தின் தீர்க்கதரிசி டென்ஸ்க்வாட்டவாவின் ஊரில் திரண்டிருந்த ஷானி, கிக்கபூ, பொட்டவாட்டமி, வின்னெபேகோ முதலான பல இனங்களின் வீரர்கள். 1809-இல் போட்ட ஃபோர்ட் வேன் உடன்படிக்கையில் பூர்வகுடிகளின் சுமார் 30 லட்சம் ஏக்கர் நிலம் அமெரிக்க அரசின் கைக்குப் போனது. பகை முற்றியது அங்கேதான்.

அளவில் சின்னச் சண்டைதான். ஆனால் அதில் நின்றவர்கள் எழுதி வைத்தது நிறைய: நாட்குறிப்பு, கடிதம், அரசுக்கு அனுப்பிய அறிக்கை, வயதான பிறகு எழுதிய நினைவுகள். "நேரில் பார்த்தவரே சொல்கிறார், அப்புறம் என்ன சந்தேகம்?" என்று இவற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, களத்தில் இருந்தவர் களம் முழுவதையும் பார்த்திருப்பார் என்று நினைப்பது. அந்த இரவை நினைத்துப் பாருங்கள். குளிர், தூறல், இருட்டு. குளிர் காய மூட்டிய தீ ஹாரிசனின் முகாமெங்கும் எரிகிறது. வீரர்கள் உடுப்பைக் கழற்றாமல், துப்பாக்கியை அணைத்தபடி தூங்குகிறார்கள். சண்டை மூண்டதும் அந்தத் தீயே வினையாகிறது. வெளிச்சத்தில் நிற்பவரை இருட்டில் இருப்பவர் நன்றாகப் பார்க்கலாம். வெளிச்சத்தில் நிற்பவருக்கோ எதிரே வெறும் கறுப்பு. இந்த நிலையில் ஒரு சிப்பாய்க்கு உறுதியாகத் தெரிந்தது தன் இடப்பக்கம் இருந்தவர், வலப்பக்கம் இருந்தவர், தன் முன்னால் மின்னிய துப்பாக்கி வாய் ஆகியவை மட்டும்தான். அதற்கு அப்பால் அவர் எழுதியதில் பெரும்பகுதி மறுநாள் காலை மற்றவர்கள் சொல்லக் கேட்டது. அது பொய் இல்லை, ஆனால் நேரில் கண்டதும் இல்லை.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாலேகாலுக்கு எழுந்துவிட்டதாகவும், படையை எழுப்பும் உத்தரவு இன்னும் இரண்டே நிமிடத்தில் போயிருக்கும் என்றும், அதற்குள் தாக்குதல் வந்துவிட்டது என்றும் ஹாரிசன் போர்த்துறை அமைச்சருக்கு எழுதினார். இடப்புறக் காவலில் இருந்தவர்கள் ஒரே ஒரு வெடி போட்டுவிட்டு, தங்கள் அதிகாரியையும் விட்டுவிட்டு முகாமுக்குள் ஓடிவந்துவிட்டார்கள் என்பதும் அவர் எழுதியதே. முகாமில் இருந்த இளைஞர் ஐசக் நெய்லர் வேறு மாதிரி சொல்கிறார். நாலு மணி வாக்கில் அவருக்கு விழிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை நாளாகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு வெடிச்சத்தம். காவலாளி யாரோ வீணாகப் பயந்து சுட்டிருப்பார் என்று நினைத்தார். உடனே இன்னொரு சத்தம். அப்புறம் முகாமைச் சுற்றிலும் போர்க்கூச்சல்.

ஒன்றா இரண்டா என்று இங்கே வழக்காடுவது வீண்வேலை. இருவரும் நின்ற இடம் வேறு, காதில் விழுந்தது வேறு, எழுதிய நோக்கமும் வேறு. நெய்லரிடம் நான் பெரிதாக மதிப்பது அடுத்து வரும் ஒரு சின்ன விவரத்தை: பாய்ந்த குண்டுகள் நெருப்பில் விழுந்து, தணல் மூன்று நான்கு அடி உயரத்துக்குத் தெறித்ததாம். யாரையும் புகழவோ பழிக்கவோ உதவாத விவரம் அது. பார்த்ததைத் தவிர அதைச் சொல்ல அவருக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே நெய்லரைப் படிக்கும்போதுதான் இரண்டாவது தவறும் நடக்கிறது: எப்போது எழுதியது என்று பார்க்காமல் விடுவது. முதல் வெடி கேட்ட திசையைச் சொல்லும்போது, இப்போது ஒரு கட்டடம் நிற்கிற இடத்துக்கு நேராக என்று அடையாளம் சொல்கிறார். 1811-இல் அங்கே அந்தக் கட்டடம் கிடையாது. ஆக, நீங்கள் படிப்பது அன்றைய இளைஞர் எழுதியதை இல்லை. பல ஆண்டு கழித்து, நீதிபதியாகி முதிர்ந்தவர் எழுதியதை. இப்படிப்பட்ட தடயங்களைத் தேடிப் பழகுங்கள். தேதி போடாத நினைவுக்குறிப்பு பெரும்பாலும் தன் வயதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

கால இடைவெளி மறதியை மட்டும் கொண்டுவருவதில்லை. 1840-இல் ஹாரிசன் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். டிப்பெகனூ என்ற பெயரே அவருடைய பிரசார முழக்கமாகிவிட்டது. சண்டை நடந்த இடத்திலேயே பெரும் கூட்டம் கூட்டினார்கள். வென்று பதவியேற்ற ஒரே மாதத்தில், 1841 ஏப்ரலில், அவர் இறந்துபோனார். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் சண்டையைப் பற்றிப் பேசியவர்கள் ஒரு தேர்தல் சூட்டுக்குள் இருந்து பேசினார்கள். ஆதரவாளருக்கு அவர் மாவீரர். எதிராளிக்கு அவர் அசந்து தூங்கிய தளபதி. ஆகவே 1811-12-இல் எழுதியதைத் தனியாகவும், 1840-ஐ ஒட்டி எழுதியதைத் தனியாகவும் வைத்துப் படியுங்கள்.

நிலத்துக்காகக் கொடுத்த வாக்குமூலங்களும் உண்டு. பழைய வீரர்களுக்கு நில மானியம் தரும் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் 1790-க்குப் பிந்தைய எல்லைப்புறச் சண்டைகளையும் சேர்த்துக்கொண்டது. அப்படி வந்த மனுக்களில் பெயர், படைப்பிரிவு, தலைவர் யார் என்பதெல்லாம் பயனுள்ளவை. சண்டைக் கதையை அங்கே தேட வேண்டாம்.

நன்றாக எழுதியவரையே நம்புவது இன்னொரு தவறு. ஜான் டிப்டனின் நாட்குறிப்பைத் திறந்தால் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கும். எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் வாக்கியம் ஓடும். ஆனால் அன்றன்று எழுதியது அது. அவர் கோரிடன் ஊர்க்காரர்கள் சேர்ந்த ஸ்பையர் ஸ்பென்சரின் குதிரைப்படைக் குழுவில் இருந்தவர். அந்தக் குழு மிகக் கடுமையாக அடிவாங்கியது. ஸ்பென்சர் விழுந்த பிறகு தலைமை டிப்டனிடம் வந்தது. பின்னாளில் சண்டை நடந்த நிலத்தையே வாங்கி, 1836-இல் மாநிலத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். என்னைக் கேட்டால், பிழை மலிந்த அந்தக் குறிப்பில் ஒரு வரி, மெருகேற்றிய பத்துப் பக்கத்துக்குச் சமம்.

ஸ்பென்சரின் சாவையும் பாருங்கள். தலையில் காயம் பட்டும் தன் ஆட்களுக்குத் தைரியம் சொன்னார். இரு தொடையிலும் குண்டு பாய்ந்து விழுந்தும் நிறுத்தவில்லை. தூக்கி நிறுத்தியபோது உடம்பில் பாய்ந்த குண்டு உயிரைக் கொண்டுபோனது. இதை எழுதியவர் ஹாரிசன். அவர் அந்த நேரம் குதிரையில் அணி அணியாகப் போய்க்கொண்டிருந்தவர். மூன்று காயத்தையும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார் என்பது நம்பக் கடினம். பிழைத்தவர்கள் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். உருக்கமான பகுதி வரும்போதுதான் இதைக் கூடுதலாகக் கேட்க வேண்டும்: சொல்கிறவர் அப்போது எங்கே இருந்தார்?

யாருக்குப் பெருமை சேர்க்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அன்று களத்தில் கர்னல் ஜான் பார்க்கர் பாய்டின் கீழ் நின்ற 4-ஆம் காலாட்படை ரெஜிமென்ட் இருந்தது. ஊர்க்காரர்களே துப்பாக்கி எடுத்துவந்த குடிப்படையும் இருந்தது. (இந்த பாய்ட் அதற்கு முன் இந்தியாவில் கூலிப்படைத் தலைவராக ஹைதராபாத் நிஜாமிடமும் வேலை பார்த்தவர்.) முகாமைக் காப்பாற்றியது யார் என்று சண்டை முடிந்த கையோடு இவர்களுக்குள் சச்சரவு வந்துவிட்டது. ரெஜிமென்ட் வீரர் எழுதியதில் குடிப்படை தடுமாறும். குடிப்படைக்காரர் எழுதியதில் அது பாறைபோல நிற்கும். ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எண்களில் விதி எளிது. தங்கள் பக்கத்துக் கணக்கை நம்பலாம்: ஹாரிசன் தரப்பில் செத்தவரும் காயம்பட்டவருமாக 188 பேர், அதில் உயிரிழந்தவர்கள் 62. எதிர்ப்பக்கத்துக் கணக்கு ஊகம். இருட்டில் எண்ண முடியாது. விழுந்தவர்களை அவர்கள் முடிந்தவரை தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எழுதத் தெரிந்தவர் பக்கத்தையே சண்டையின் முழுக்கதையாக எடுத்துக்கொள்வது. பூர்வகுடி வீரர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதவில்லை. பொட்டவாட்டமித் தலைவர் ஷபோனியின் பெயரில் ஒரு விவரிப்பு கிடைக்கிறது. அது பிற்காலத்தில் வெள்ளையர் கைவழியாக ஆங்கிலத்தில் ஏறியது. அதை ஒதுக்கவும் வேண்டாம், அவரே எழுதியதாகப் படிக்கவும் வேண்டாம். டென்ஸ்க்வாட்டவாவின் அண்ணன் டெகும்சேயை இந்தச் சண்டையில் நிறுத்தும் கதைகளைக் கண்டால் உடனே தள்ளிவிடுங்கள். கூட்டணி திரட்டத் தெற்கே போயிருந்த அவர் அன்று அங்கே இல்லை. உச்சித்தோல் உரிப்பதை ஒரு பக்கத்துக் கொடுமையாகவே காட்டும் வழக்கமும் உண்டு. இறந்த பூர்வகுடி வீரர் ஒருவரின் உச்சித்தோலைச் சிப்பாய்கள் நான்கு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டதை நெய்லரே எழுதியிருக்கிறார். மறுநாள் படை அந்த ஊரையே கொளுத்தியது. அந்த ஊர்க்காரர்கள் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதை இந்தச் சிப்பாய்களின் தாள்களில் தேடிப் பயனில்லை.

படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் டிப்டனின் நாட்குறிப்பை எடுங்கள். பிறகு 1811 நவம்பர் 18 தேதியிட்ட ஹாரிசனின் நீண்ட அறிக்கை. அதற்கு அடுத்து 4-ஆம் ரெஜிமென்ட் சிப்பாய் ஆடம் வாக்கர் 1816-இல் அச்சிட்டது. நெய்லரையும் ஷபோனியையும் அதன் பிறகு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதிய ஆண்டையும் அவர் முகாமின் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.