கூகுள் எர்த்தில் நேரடித் தரவு அடுக்கைப் பகிர்வது எப்படி?

ஏரி நீர்மட்டம் போல மணிக்கு மணி மாறும் தரவைக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுபவர் திறந்து பார்ப்பதற்குள் அது பழையதாகிவிடும். தரவை அனுப்பாமல், அது இருக்கும் இணைய முகவரியை மட்டும் அனுப்புவதே சரியான வழி. வரைபடக் குறிகளை எழுதிவைக்கும் கோப்பு வடிவமான கேஎம்எல்லில் உள்ள ‘நெட்வொர்க் லிங்க்’ இதற்கென்றே அமைந்த வசதி.

முதலில் தரவுக் கோப்பு. செம்பரம்பாக்கம் ஏரியைக் குறிப்பதாகக் கொள்வோம். கேஎம்எல்லில் தீர்க்கரேகை முன்னும் அட்சரேகை பின்னுமாக, இடைவெளியின்றி 80.06,13.01 என்று எழுத வேண்டும். அட்சரேகையை முதலில் சொல்லியே நமக்குப் பழக்கம் என்பதால் இதைப் பலரும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் ஏரி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே போய் நிற்கும். தமிழ்ப் பெயர்கள் சிதையாமலிருக்கக் கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்.

இந்தக் கோப்பை உங்கள் சர்வரில் ஏற்றி, புதிய அளவீடு வரும்போதெல்லாம் அதே பெயரில் மாற்றி எழுதும்படி ஒரு நிரலை அமையுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், வேறு பெயரில் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுவது நல்லது. இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பு யாருடைய கணினிக்காவது போய்ச் சேரும்.

அடுத்து, கணினியில் நிறுவிய கூகுள் எர்த் புரோவில் ‘ஆட்’ மெனுவிலுள்ள ‘நெட்வொர்க் லிங்க்’ என்பதைத் தேர்ந்து, கோப்பின் முகவரியை இடுங்கள். ‘ரெஃப்ரெஷ்’ பகுதியில் ‘பீரியாடிக்கலி’ என்பதைத் தேர்ந்து கால இடைவெளியைக் குறிக்க வேண்டும். இங்கே நிதானம் தேவை. பத்து விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தால், 200 பேர் பார்க்கும்போது சர்வருக்கு விநாடிக்கு 20 கோரிக்கைகள் வரும். மணிக்கு ஒருமுறை மாறும் அளவீட்டுக்கு ஐந்து நிமிடமே தாராளம். ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட பெரிய அடுக்காக இருந்தால், பார்வை நகர்ந்து நின்றபின் திரையில் தெரியும் எல்லைக்குள் உள்ளவற்றை மட்டும் கேட்டுப் பெறும்படி அமைக்கவும் வழி உண்டு. ஆனால் அந்த எல்லையைப் புரிந்துகொண்டு பதில் தரும் நிரல் சர்வரில் இருக்க வேண்டும்.

அமைத்த இணைப்பை வலது கிளிக் செய்து, கேஎம்எல்லின் சுருக்கிய வடிவமான கேஎம்இசட் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள். இணைப்பு மட்டுமே உள்ள சிறு கோப்பு என்பதால் வாட்ஸ்அப்பிலும் எளிதாகப் போகும். பெறுபவர் திறந்ததும் அது ‘டெம்பரரி பிளேசஸ்’ என்ற தற்காலிகப் பகுதியில்தான் சேரும். மூடும் முன் ‘மை பிளேசஸ்’ பகுதிக்கு மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு குறியின் விவரப் பெட்டியிலும் அளவீடு எடுத்த நாளையும் நேரத்தையும் கட்டாயம் காட்டுங்கள். நிரல் நின்றுபோனாலும் குறி வரைபடத்தில் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் நேற்றைய நீர்மட்டத்தை இன்றையதென்று ஒருவர் நம்பிவிடக் கூடாது. சர்வர் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வரும் கோரிக்கைகளைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். முன்பு அனுப்பிய கோப்புகள் எல்லாம் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும்.