பதின்மூன்று வாரத்தில் பருவம் முடிந்துவிடும்: தள்ளிப்போடாமல் படிக்க ஒரு செய்முறை

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள், ஒரு பருவம் என்றால் ஏறத்தாழ ஆறு மாதம் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடப்பது 13 வாரங்களே. நடுவில் ஒரு வாரம் விடுமுறை. ஆகஸ்டில் தொடங்கும் முதற்பருவத்தில், இடுபணிகள் குவியும் பிற்பகுதியில்தான் தீபாவளியும் வந்து நிற்கும். ஆகவே திட்டமிடலை முதல் வாரத்திலேயே தொடங்குவது நல்லது.

முதற்படியாக, ஒரே ஒரு தாளை எடுத்து, வாரங்களுக்கு 1 முதல் 13 வரை வரிசையாக எண்ணிட்டு, நடுவில் விடுமுறை வாரத்திற்கும் ஒரு வரி விட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்து, எந்த வாரத்தில் எந்தக் கட்டுரை, எந்தத் தேர்வு, எந்தக் குழுப் படைப்பு என்று குறியுங்கள். நீங்கள் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் நாள்கள், அத்தை மகள் திருமணம் ஆகியவையும் அதே தாளில் இடம்பெற வேண்டும். மூன்று வேலைகள் ஒரே வாரத்தில் விழுந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பல வண்ணங்களில் அழகான திட்டக் குறிப்பேடு தயாரிப்பதில் இறங்கிவிடாதீர்கள். அதுவும் தள்ளிப்போடுதலின் ஒரு வகைதான்.

இரண்டாவது படி நேரக் கணக்கு. இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் சுமையை அளக்கும் ஓர் அலகுக்கு, வாரத்திற்கு 2.5 மணி நேர உழைப்பு தேவை. 4 யூனிட் பாடம் ஒன்றுக்கு, விரிவுரையையும் சேர்த்து, வாரத்திற்கு 10 மணி நேரம். ஐந்து பாடங்கள் எடுத்தால் 50 மணி நேரம். இது போதாதென்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற நம் மதிப்பீடும் பிழையாகிறது. உளவியலாளர் ரோஜர் பியூலரும் உடனாய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாள்களுக்கு மேல் ஆயிற்று. ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும் கட்டுரைக்கு, எனவே, பத்து மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து மணி நேரத்தை இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தாளில் பிரித்து எழுதுங்கள்.

மூன்றாவது படி, வேலையின் முதல் அடியைச் சிறிதாக்குவது. என் அறை பளிச்சென்று இருந்த நாள்களெல்லாம் நான் கட்டுரை எழுதியிருக்க வேண்டிய நாள்கள்தாம். சோம்பேறிக்கு அலமாரி அடுக்கத் தோன்றாது; எங்கே தொடங்குவது என்று தெரியாத கலக்கமே என்னை அங்கே அனுப்பியது. "சமூகவியல் கட்டுரை எழுத வேண்டும்" என்ற குறிப்பு அந்தக் கலக்கத்தைப் போக்காது. "செவ்வாய் நான்கு மணிக்கு, டியூட்டோரியல் முடிந்ததும், நூலகத்தில் அமர்ந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்துக் குறிப்பெடுப்பேன்" என்று இடமும் நேரமும் செயலும் சேர்த்து எழுதினால், அந்த நேரம் வரும்போது யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது.

உட்கார்ந்த பிறகு 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை தொடக்கநிலையினருக்குப் பொருந்தும். கைப்பேசியைப் பையில் போட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தம்பி தங்கையரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இது கடினம் என்றால், தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் வட்டார நூலகங்களில் ஒன்று அருகில் இருக்கக்கூடும். எம்ஆர்டி பயணத்தில் கடினமான வாசிப்பை முடிக்கலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம். நெரிசலில் நின்றுகொண்டு மின்னஞ்சல் பார்க்கவே முடியும்.

குழுவேலைக்கு, உண்மையான இறுதி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே ஒரு நாளைக் குறித்து, வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் பங்கையும் பெயரோடு எழுதிவிடுங்கள்.

ஞாயிறு மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளைப் பாருங்கள். முடியாததை அடுத்த வாரத்திற்கு நகர்த்துங்கள். புதிய தாள் எழுத வேண்டாம். நகர்த்தும்போது கை தானாக இடைப்பருவ விடுமுறை வாரத்தை நாடும். அந்த வாரத்திற்குப் பின்னாலேயே இடைத்தேர்வுகளும் காத்திருக்கும் என்பதால், அதன் எதிரே இரண்டு வேலைகளுக்கு மேல் எழுதாதீர்கள்.