மவுஸ் முதல் மெயில் ஐடி வரை: கேட்பதற்கு ஒரே வாசல்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறேன். ஆபீஸும் இரண்டு யூனிட்டும் சேர்த்து 130 கம்ப்யூட்டர். பார்த்துக்கொள்ள நானும் ஒரு தம்பியும், இரண்டே பேர். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் போன் வரும், வாட்ஸப் வரும், இல்லையென்றால் டீ குடிக்கப் போகும் வழியில் நிறுத்திச் சொல்வார்கள். அங்கே ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு மெர்ச்சண்டைசர் (பையரிடம், அதாவது சரக்கு வாங்குபவரிடம், ஆர்டர் பேசுபவர்) பெண் சேர்ந்தார். அவர் வரப்போவதை மேனேஜர் எனக்குப் போனில் சொன்னபோது நான் துணி வெட்டும் கட்டிங் பகுதியில் பிளாட்டரை (பேட்டர்னைப் பெரிய தாளில் வரையும் மெஷின்) பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன். நான்கு நாள் அந்தப் பெண் பக்கத்து சீட்டுக்காரரின் திரையை எட்டிப் பார்த்து, பையர் மெயில்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே வந்ததும் முதல் வேலையாகக் கோரிக்கைக்கு ஒரே வாசல் வைத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

ஃபாரம் போடும் முன் ஒரு மாத வாட்ஸப்பை உட்கார்ந்து படியுங்கள். யார், என்ன, எதற்குக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினால் தானாக வகை பிரியும். எங்களுக்கு நான்கு வந்தது: புது ஆள் சேர்வது, சாமான், அனுமதி, ஆள் விலகுவது. அனுமதி என்றால் சர்வர் ஃபோல்டர், டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) யூசர், மெயில் குரூப் மாதிரியானவை.

ரிப்பேரை இதில் சேர்க்காதீர்கள். ‘பிரிண்டர் ஓடலை’ என்பது புகார், கோரிக்கை இல்லை. அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகாமல் கன்டெய்னர் கேட்டில் நிற்கும்போது யாரும் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. ரிப்பேருக்கு எங்களிடம் போன்தான், இன்றும் அப்படியே.

கோரிக்கைக்கு கூகுள் ஃபாரம் போதும். கம்பெனி மெயில் ஏற்கெனவே கூகுளில் இருந்ததால் யாரும் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. செட்டிங்கில் இரண்டு விஷயம் முக்கியம். கம்பெனி மெயில் உள்ளவர் மட்டுமே திறக்க முடிய வேண்டும். நிரப்புபவரின் மெயில் ஐடி தானாகப் பதிவாக வேண்டும். அப்போது ஒருவர் பெயரில் இன்னொருவர் கேட்க முடியாது. மெயில் இல்லாத லைன் ஆட்களுக்கு அந்த செக்‌ஷன் இன்சார்ஜ் நிரப்பித் தருவார். முதல் கேள்வி ‘எந்த வகை?’ என்பது. அந்தப் பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்குத் தாவும்படி ஃபாரத்தில் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மவுஸ் கேட்பவருக்குப் புது ஆள் கேள்விகள் கண்ணில் படவே கூடாது. ஒரு வகைக்கு ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். கேள்விகள் தமிழில் இருக்கட்டும். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் யாரையும் கேட்காமல் தானே நிரப்புகிறார். அப்புறம், பாஸ்வேர்டை ஃபாரத்தில் ஒருபோதும் கேட்காதீர்கள்.

அந்த ஆறில் ஒன்றுதான் உயிர்: ‘எந்த வேலைக்கு? இப்போது அந்த வேலை எங்கே நிற்கிறது?’ முதலில் நான் ‘என்ன வேண்டும்?’ என்று மட்டும் வைத்திருந்தேன். அக்கவுண்ட்ஸில் ஒரு அக்கா ‘புது கம்ப்யூட்டர்’ என்று எழுதினார். கேள்வியை மாற்றி மறுபடி எழுதச் சொன்னேன். ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாளில் எக்செல் ஃபைல் திறக்கப் பத்து நிமிஷம் ஆகிறது’ என்று எழுதினார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பழைய ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ரேம். 256 ஜிபி எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்கைவிட வேகமான டிஸ்க்) இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டோம், அன்று சாயங்காலமே வேலை ஓடியது. புது கம்ப்யூட்டர் என்றால் கொட்டேஷன், ஒப்புதல், டெலிவரி என்று மூன்று வாரம் காத்திருந்திருப்பார்.

எல்லாவற்றையும் அப்படி ஒட்டுப்போட முடியாது என்பதும் அதே கேள்வியில்தான் தெரிந்தது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (மெஷினுக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதி) வேண்டும், இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். எந்த மெஷினை முதலில் மாற்றுவது என்று முடிவெடுக்க, ஃபாரத்தின் பதில்கள் விழும் ஷீட்டைத்தான் திறந்தோம். பையர் மெயிலும் பேங்க் வேலையும் நடக்கும் மெஷின்கள் முதலில், ஸ்டோர்ஸில் என்ட்ரி மட்டும் போடுபவை பிறகு.

அடுத்தது ஒப்புதல். பாதிப் பேர் தடுமாறும் இடம் இதுதான். மவுஸ், கீபோர்டு, கேபிள், டோனருக்கு ஒப்புதலே வேண்டாம்; அலமாரியில் இருப்பு வைத்துக் கேட்டதும் கொடுங்கள். பணம் போகும் சாமானுக்குக் கேட்பவரின் செக்‌ஷன் ஹெட், அப்புறம் அக்கவுண்ட்ஸ். ஆனால் அனுமதிக்கு ஒப்புதல் தர வேண்டியவர் கேட்பவரின் மேனேஜர் இல்லை, அந்தத் தகவலுக்குப் பொறுப்பானவர். சாம்பிள் செக்‌ஷன் பையனுக்குக் காஸ்டிங் ஃபோல்டர் வேண்டுமென்றால் சாம்பிள் மேனேஜர் சரி என்றால் போதாது, காஸ்டிங் பார்ப்பவர் சரி என்று சொல்ல வேண்டும். பீஸுக்கு என்ன மார்ஜின் என்பது அதில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பொறுப்பாளர் ஒருவர், அவர் லீவில் இருந்தால் மாற்று ஆள் ஒருவர் என்று ஒரு பக்கத்தில் எழுதி எம்.டி. கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேலை நாள் பதில் வராவிட்டால் கோரிக்கை மாற்று ஆளுக்குப் போகும். இந்தக் காகிதம் இல்லாமல் ஃபாரத்தைத் திறக்கவே வேண்டாம் என்பேன்.

ஃபாரத்தில் வருவது எல்லாம் ஷீட்டில் விழும். வலது பக்கம் நீங்களாக ஐந்து பத்தி சேருங்கள்: கோரிக்கை எண், ஒப்புதல் தந்தவர், சாமான் எண் (ஒவ்வொரு சாமானிலும் ஒட்டும் எண்), நிலை, முடிந்த தேதி. நிலைக்கு நாங்கள் வைத்திருக்கும் சொற்கள் வந்தது, ஒப்புதலில், வாங்கணும், கொடுத்தாச்சு, இல்லை. ‘இல்லை’ என்றால் காரணம் ஒரு வரி கட்டாயம். காரணம் தெரியாமல் மறுக்கப்பட்டவர் மறுபடி ஃபாரத்துக்கு வரமாட்டார், நேரே எம்.டி.யிடம் போவார். கூகுள் ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, ஃபாரம் வந்ததும் கேட்டவருக்கு எண்ணோடு மெயில் போக வைத்தோம். நிலை மாறும்போது தம்பி ஒரு வரி பதில் போடுவான். சாதாரண ஜிமெயில் கணக்கில்கூட ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்கு மெயில் அனுப்பும். எங்களுக்கு அதுவே தாராளம். ‘என்னாச்சு சார்?’ என்ற போன்கள் நின்றதே பெரிய நிம்மதி. ஷீட்டை எங்கள் இருவருக்கும் ஹெச்.ஆருக்கும் மட்டுமே திறந்து வைத்திருக்கிறோம்.

புது ஆளுக்கான பகுதியை ஹெச்.ஆர். நிரப்ப வேண்டும், சேரும் தேதிக்குக் குறைந்தது ஐந்து வேலை நாள் முன்னால். இதில் ‘முன்னால் இருந்தவருக்கு இருந்ததெல்லாம்’ என்று எழுத விடாதீர்கள். முன்னால் இருந்தவர் மூன்று செக்‌ஷன் மாறியிருப்பார், பழைய அனுமதிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலையைச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு எது தேவையோ அதைக் கொடுங்கள்.

விலகும் ஆளுக்கும் அதே ஃபாரம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசி நாள் சாயங்காலம் மெயில் ஐடியின் பாஸ்வேர்டை மாற்றி மூடுங்கள், அழிக்க வேண்டாம். பையர் அந்த ஐடிக்கே இன்னும் சில மாதம் எழுதுவார், மேனேஜருக்குத் திருப்பிவிடுங்கள். சாமான் எண் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மார்க்கர் (துணியில் எந்தத் துண்டு எங்கே வெட்டுவது என்ற வரைபடம்) போடும் சாஃப்ட்வேரின் டாங்கிளை, அதாவது லைசன்ஸ் இருக்கும் யுஎஸ்பியை, மறக்கவே கூடாது. விரல் நுனி அளவுதான் இருக்கும், அது இல்லாமல் சாஃப்ட்வேர் திறக்காது. பழைய இடத்தில் விலகிய ஒருவரின் டிராயரில், பட்டன் சாம்பிள் கவருக்குள் ஒன்றைக் கண்டெடுத்தோம், இரண்டு நாள் கட்டிங் காத்திருந்த பிறகு. இங்கே ஒவ்வொரு டாங்கிளிலும் சிவப்பு நூலில் ஒரு எண் அட்டை தொங்குகிறது.

தொடங்கிய முதல் இரண்டு வாரம் யாராவது வராந்தாவில் நிறுத்திக் கேட்டால் ‘ஃபாரத்தில் போடுங்க’ என்று சொல்லி நகராதீர்கள். அவருடைய போனிலேயே திறந்து, பக்கத்தில் நின்று நிரப்ப வையுங்கள். ஒரு தடவை அப்படிச் செய்தவர் அடுத்த தடவை தானே போட்டுவிடுகிறார்.

ஷீட் திணற ஆரம்பித்தால் ஜிஎல்பிஐ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், கோரிக்கையையும் சாமான் பட்டியலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். பிஹெச்பியும் (புரோகிராம் மொழி) மரியாடிபியும் (டேட்டாபேஸ்) ஓடும் ஒரு சர்வர் வேண்டும். அதற்கு மாறும் நாளில் ஷீட்டில் இருக்கும் சாமான் எண்களைத்தான் அப்படியே ஏற்றப் போகிறீர்கள். அதனால் முதல் வரியிலிருந்தே எண்ணை ஒரே மாதிரி எழுதுங்கள்: யூனிட், வகை, வரிசை எண். நாங்கள் ஆறு மாதம் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஸ்டிக்கர்களைப் பிய்த்து மறுபடி ஒட்டினோம்.