பிடித்த தொடர் பாதியில் நின்றதா? ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டியில் எங்களுடையது சின்ன செட்டு. அறிவியல் புனைவுத் தொடர் என்றால் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பார்க்கிறவர்கள். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை ஆட்கள் பாதி. மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் கல்லூரிப் பிள்ளைகள் மீதி. பிடித்த தொடர் ஒன்று நிறுத்தப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், பழைய ஆட்கள் எப்போதோ செய்து கைவிட்ட அதே காரியங்களைப் புதியவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அவர்களிடம் அன்பு இருக்கிறது, ராத்திரி முழுக்க கண்விழித்து உழைக்கவும் தயாராக இருக்கிறார்கள். அவ்வளவும் வீணாகப் போவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

கெட்ட வார்த்தை எழுதாதே, போலிக் கணக்கு தொடங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

தொடர் யாருடையது என்று பார்க்காமல் போராடுவது

2023 ஜனவரி 2. புத்தாண்டுக் கூட்டம் கடற்கரைச் சாலையை விட்டு அப்போதுதான் கலைந்திருந்தது. '1899' தொடருக்கு இரண்டாவது சீசன் கிடையாது என்று அதன் இயக்குநர் இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். முந்தைய நவம்பரில்தான் வெளியாகியிருந்தது. பல நாடுகளில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த தொடர். மூன்று சீசனுக்குத் திட்டமிட்ட கதை ஒரே சீசனில் அறுந்து நின்றது. எங்கள் பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். அன்று இரவே போஸ்டர் வரைந்தாயிற்று, கையெழுத்து இயக்கம் தொடங்கியாயிற்று. ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஒரு லட்சம் கையெழுத்து வாங்கிட்டா அமேசான் எடுத்துக்க மாட்டானா? எக்ஸ்பேன்ஸை எடுத்தானே!"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தம்பி மேல் இல்லை. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல ஆளில்லாமல் போகிறதே என்றுதான்.

'தி எக்ஸ்பேன்ஸ்' காப்பாற்றப்பட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது எப்படி முடிந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 2018 மே 11 அன்று அமெரிக்காவின் சைஃபை சேனல் மூன்றாவது சீசனோடு நிறுத்துவதாக அறிவித்தது. சைஃபையிடம் இருந்தது அமெரிக்காவில் முதல்முறை ஒளிபரப்பும் உரிமை மட்டும்தான். ஓடிடி வருமானம் அதன் கைக்கு வராது. ஒளிபரப்பாகும் நேரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களை நம்பியே அது பிழைக்க வேண்டும். தொடரைத் தயாரித்ததோ ஆல்கான் நிறுவனம். நாம் இங்கே அந்தத் தொடரைப் பார்த்தது நெட்ஃபிளிக்ஸில். ஆக, தயாரித்தவர் ஒருவர், அங்கே காட்டியவர் ஒருவர், இங்கே காட்டியவர் இன்னொருவர்.

வாடகைக்கு இருப்பவர் காலி செய்துவிட்டால் வீடு இடிந்துவிடாது. வீட்டுக்காரர் இருக்கிறார், வேறு ஆளுக்கு விடலாம். எக்ஸ்பேன்ஸில் நடந்தது அதுதான். சைஃபை விலகிய பிறகும் ஆல்கான் அதே கதையை, அதே நடிகர்களோடு வேறு இடத்தில் தொடரத் தயாராக இருந்தது. அமெரிக்க ரசிகர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். வாங்கக்கூடிய ஆள் யார் என்று பார்த்து, அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். மே 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விண்வெளி மாநாட்டில், நடிகர்களும் கூடியிருந்த இடத்தில், தொடர் காப்பாற்றப்பட்டுவிட்டதாக அமேசானின் அன்றைய தலைவர் ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். நான்கிலிருந்து ஆறு வரை மூன்று சீசன் கூடுதலாகக் கிடைத்தது.

அந்த இரண்டு வாரம் பாண்டியில் என்ன நடந்தது தெரியுமா? நம் பிள்ளைகளில் பாதிப் பேர் நெட்ஃபிளிக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த திரையில் இருந்தது அந்தப் பெயர்தானே. நிறுத்தியது நெட்ஃபிளிக்ஸ் இல்லை. அந்தக் கோபம் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

'1899' கதையே வேறு. அது நெட்ஃபிளிக்ஸ் தானே கேட்டு எடுக்க வைத்து, உலகம் முழுக்கத் தன் சொந்தத் தொடராக வெளியிட்டது. அப்படிப்பட்ட தொடரை நிறுத்திய பிறகு போட்டிக்காரரிடம் தூக்கிக் கொடுப்பது மிக அபூர்வம். எனவே அமேசானுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதமும் நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதாத ஒரு கடிதம். அந்தத் தம்பியின் குழு முதல் சில நாட்களை, வேகம் இருந்த நாட்களை, அப்படியே செலவழித்தது. பிறகு முகவரியை மாற்றியபோது பாதிப் பேர் அடுத்த தொடருக்குப் போய்விட்டார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் வருவதெல்லாம் நெட்ஃபிளிக்ஸுடையது என்றும் நினைத்துவிடக் கூடாது. 'ஒன் டே அட் எ டைம்' என்ற நகைச்சுவைத் தொடரை 2019இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தியது. தயாரித்தது சோனி. அதனால் பாப் என்ற சேனலுக்கு அது போக முடிந்தது. 'ஃபயர்ஃபிளை'யைப் பாருங்கள். 2002இல் ஃபாக்ஸ் சேனல் வரிசை மாற்றி ஒளிபரப்பி, எடுத்த 14 பகுதிகளில் 11 மட்டும் வந்த நிலையில் நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு டிவிடி வந்தபோது ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 2005இல் அதே கதை 'செரினிட்டி' என்ற படமாக வந்தது, எடுத்தது யுனிவர்சல். ஃபாக்ஸ் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பகுதி முடிந்ததும் 'அடுத்தது' பொத்தானை அழுத்தாமல் கடைசிவரை விடுங்கள். பெயர்ப் பட்டியலின் அடியில் காப்புரிமை வரி ஒன்று ஓடும், அதன்பின் தயாரிப்பு நிறுவனங்களின் சின்னங்கள் வரும். அந்த வரியில் இருக்கும் பெயர்தான் உங்கள் முதல் முகவரி. ஒளிபரப்பியவரும் அவரும் ஒருவரேயா, வேறு வேறா என்று பாருங்கள். வேறு என்றால் நம்பிக்கை உண்டு. ஒருவரே என்றால் அவரிடம் மட்டும் பேசுங்கள், சண்டை போடாமல் பேசுங்கள்.

இதைச் செய்யத் தாமதித்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. நடிகர்களின் ஒப்பந்தத்தில் அடுத்த சீசனுக்காக அவர்களைப் பிடித்துவைக்கும் கெடு ஒன்று இருக்கும். அது தாண்டினால் ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு தொடர் என்று போய்விடுவார்கள். விண்கலத்தின் உள்பக்கமாகப் போட்ட செட்டைப் பாதுகாக்க வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், ஒருநாள் பிரித்துவிடுவார்கள். மறுபடி போடுவதற்கு ஆகும் செலவைப் பார்த்தே வாங்க வந்தவர் திரும்பிப் போவார்.

டெலிகிராமில் இறக்கிப் பார்த்துவிட்டுக் கொடி பிடிப்பது

அந்தப் பார்வை எந்தக் கணக்கிலும் ஏறாது.

எல்லா சீசனும் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது

பாதியில் நின்றுவிடும் என்ற பயத்தில் பார்க்காமல் இருக்கிறார்கள், அதனாலேயே நின்றுவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு வாரமும் வெளியிடும் பட்டியலில், மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்துப் பார்வை எண்ணிக்கை போடுகிறார்கள். முதல் பகுதியை மட்டும் பார்த்து நிறுத்தினால் அந்தக் கணக்கில் உங்கள் பங்கு துளிதான். 2023 ஜூனிலிருந்து எக்காலத்துக்கும் உரிய பிரபலப் பட்டியலுக்கு வெளியான முதல் 91 நாட்களையே கணக்கில் எடுக்கிறார்கள். பரீட்சை முடியட்டும் என்று நான்கு மாதம் தள்ளிவைத்தால் அந்தப் பட்டியலுக்கு நீங்கள் இல்லவே இல்லை. கடலூரில் உட்கார்ந்து நீங்கள் பார்ப்பதும் அந்த உலகக் கணக்கில் சேரும். அமெரிக்க சேனல்களின் பழைய கணக்கில் நமக்கு இடமே கிடையாது, இப்போது இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

நடிகர்களின் பக்கத்தில் போய்த் திட்டுவது

அவர்களுக்கும் அன்றைக்குத்தான் வேலை போயிருக்கிறது.

மீட்டுவிட்டோம் என்றதும் கலைந்துபோவது

'ஜெரிகோ' ரசிகர்களைப் போல வேலை செய்தவர்கள் குறைவு. அணுகுண்டுக்குப் பிறகு ஒரு சிறு நகரம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது கதை. 2007 மே மாதம் சிபிஎஸ் என்ற அமெரிக்க சேனல் நிறுத்தியது. சரணடையச் சொன்னவனுக்குக் கதாநாயகன் கடைசிப் பகுதியில் 'நட்ஸ்' என்று பதில் சொல்வான்; முடியாது போ என்று அர்த்தம், கடலை என்றும் அர்த்தம். அதை நினைவூட்ட, சிபிஎஸ் அலுவலகங்களுக்கு ரசிகர்கள் சுமார் 20 டன் கடலை அனுப்பினார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே சேனல் இறங்கிவந்து ஏழு பகுதிகள் தருவதாகச் சொன்னது. அப்போதே நீனா டாஸ்லர் என்ற சிபிஎஸ் அதிகாரி தெளிவாகக் கேட்டுக்கொண்டார்: இன்னும் அதிகம் பேர் பார்க்க வேண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று. அந்த அளவு ஆள் சேரவில்லை. 2008 மார்ச்சில் மறுபடி நிறுத்தினார்கள், இம்முறை நிரந்தரமாக.

அதற்கு 40 ஆண்டு முன்பு 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததில், தொடர் தொடரும் என்று 1968 மார்ச்சில் அதை ஒளிபரப்பிய என்பிசி சேனல் திரையிலேயே அறிவித்தது. ஆனால் மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளிவிட்டார்கள். இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம். 1969இல் 79 பகுதிகளோடு நின்றது. மறு ஒளிபரப்பில்தான் அது பெரிய தொடரானது. முதல் திரைப்படம் 1979இல் வந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு, எந்த நாள், எந்த நேரம், எந்தத் தளத்தில் வருகிறது என்பதையும் ரசிகர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முழு சீசன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது

கதைக்கு ஒரு முடிவு மட்டும் கேட்டவர்களுக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. 2002இல் நிறுத்தப்பட்ட 'ஃபார்ஸ்கேப்' 2004இல் குறுந்தொடராக வந்து கதையை முடித்தது. 'சென்ஸ்8'ஐ 2017 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தியது. ரசிகர்கள் விடவில்லை, மறு ஆண்டு ஜூனில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான நிறைவுப் பகுதி வந்தது. 'டைம்லெஸ்' 2018இல் இரண்டாவது முறை நிறுத்தப்பட்டபோது, அந்த டிசம்பரிலேயே இரண்டு மணி நேர முடிவு ஒளிபரப்பானது. பத்துப் பகுதிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு நிறுவனம் துணிந்து ஒப்புக்கொள்ளக்கூடிய தொகை. நடிகர்களிடமும் சில வார கால்ஷீட் போதும். ஆகவே மனுவில் இரண்டு கோரிக்கை வையுங்கள்: முதலில் அடுத்த சீசன், அது முடியாது என்றால் ஒரு நிறைவுப் பகுதி. இரண்டாவதை மறந்து எழுதிய மனுவைத் திருத்தி அனுப்ப இன்னும் நேரம் இருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள்.