சிலம்ப வகுப்பில் வரலாறு சொல்லித் தருவது எப்படி?

புதிதாகச் சிலம்ப வகுப்பு தொடங்கும் ஆசான்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பிள்ளைகளுக்குச் சுவடும் (காலடி வைக்கும் முறை) வீச்சும் வந்துவிடுகிறது, பண்பை எப்படிக் கொண்டுவருவது? வரலாறு நல்ல வழிதான். ஆனால் ஒரு வீரர் பெயரைச் சொல்லி "நீயும் இப்படி இரு" என்று முடித்தால், அது இன்னொரு பிரேயர் கூட்டப் பேச்சு. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். வித்தை அதில்தான் இருக்கிறது.

1. முதலில் உங்கள் வகுப்பில் இருக்கும் சிக்கலைப் பாருங்கள். பெரியவன் சின்னவனை ஓங்கி அடிக்கிறானா, எதிராளியைக் கம்பால் தொடும் போட்டியான தொடுமுறையில் கம்பு பட்டும் படவில்லை என்கிறார்களா? ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

2. அதற்குப் பொருந்தும் உள்ளூர்ச் சம்பவத்தைத் தேடுங்கள். சிலம்பத்துக்கு இத்தனை ஆயிரம் வயது என்று அளந்துவிடாதீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளை வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்க்கும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது.

3. வார்ம்-அப் முடிந்து, கம்பைக் கையில் எடுக்கும் முன் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். வகுப்பு முடிவில் வேண்டாம். அம்மா வண்டியோடு வாசலில் நிற்கும்போது எந்த ராஜா கதையும் எடுபடாது.

4. கதையை நிறுத்திக் கேளுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் கதை பக்கத்திலேயே இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அந்தப் பேரத்தில் சேர்த்தி. இங்கே நிறுத்துங்கள். "பீரங்கி உன் கையில். எவ்வளவு தூரம் சுடுவாய்?" முடிந்த மட்டும் தூரமாக என்று எல்லாரும் கத்துவார்கள். கத்தட்டும். அப்புறம் மெதுவாக அடுத்த கேள்வி: "உன் வீடு அந்த எல்லைக்குள் இருக்கிறது. உன்னை யாராவது கேட்டார்களா?" பிறகு மீதியைச் சொல்லுங்கள். அப்படி உள்ளே போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூர் பழைய நகரமும் அதில் அடக்கம்.

5. உடனே கம்பைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் கம்பை நீட்டி, முனையால் மணலில் வட்டம் போடட்டும். கம்பு எட்டுகிற தூரம் அது. சுற்றும்போது அந்த வட்டத்துக்குள் யார் கால் வைத்தாலும், யாரென்று பார்ப்பதற்கு முன்பே முனை தரையைத் தொட வேண்டும். இரண்டு பேராக நிறுத்திப் பழக்குங்கள், பெரியவனுக்குச் சின்னவனை ஜோடியாக விடுங்கள். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் கதை வெறும் கதையாகவே நின்றுவிடும்.

6. சொன்ன சொல் காப்பதைப் பற்றிப் பேச வேண்டுமா? கடலூர் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலை அம்மாள் இருக்கிறார். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்துவிட்டது. நிறுத்துங்கள்: "திரும்பப் போவாயா?" அவர் கைக்குழந்தையோடு சிறைக்குத் திரும்பினார். போகமாட்டேன் என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். அன்று உங்கள் வகுப்பில் நடக்கும் தொடுமுறைக்கு நடுவர் கிடையாது. பட்டவனே "பட்டது" என்று கை தூக்க வேண்டும்.

7. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் கொஞ்சம் சிக்கலான கதையையும் கொடுக்கலாம். புதுச்சேரி வகுப்புகளுக்கு 1746 பொருத்தம். பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார், பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதாக ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் போட்டார். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்கு அதில் சம்மதமில்லை. ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் காப்பாற்ற வேண்டுமா? துய்ப்ளே காப்பாற்றவில்லை. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

8. அடுத்த வாரம் கதையை மறுபடி சொல்ல வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். யார் தானாக முனையைத் தாழ்த்துகிறார்கள், யார் கை தூக்குகிறார்கள் என்று கவனித்து நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். தவறுகிறவனை "அஞ்சலை அம்மாள் இப்படியா செய்தார்?" என்று குத்திக்காட்டாதீர்கள். பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அவனுக்குப் பிடிக்காமல் போகும்.